பத்தியமும் பரம்பரைச் சாப்பாடும்

(மாதாப்பூர் உறுப்பினர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் செயலாளர் போன வாரம் போன் செய்து, "ஸார், வயித்து விஷயத்துல உங்களுக்குத்தான் நல்ல அனுபவம், அதைப் பத்தியே பேசிடுங்கோளேன்" என்றார். வயிற்றுக் கோளாறை ஒரு தகுதியாகக் கருதி மேடை ஏற்றப்பட்டவன் அனேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் அவியலும் பாயசமும் உள்ளே போன பிறகு. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, வைத்தியரும் இல்லை. ஒரு தேசிய வங்கியில் முப்பத்தாறு வருஷம் லெட்ஜர் பார்த்தவன். ஆகவே வரவு, செலவு, எங்கே கணக்கு உதைத்தது என்று மட்டும்தான் சொல்லத் தெரியும்.

பூர்வீகம் கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். 2012ல் ரிடையர் ஆனேன். 2013ல் பிள்ளையோடு இங்கே வந்து சேர்ந்தோம். 1998ல் சைபர் டவர்ஸ் திறந்த பிறகுதான் மாதாப்பூர் மாதாப்பூர் ஆயிற்று என்பார்கள். எங்களுக்கும் அந்தக் கட்டடத்தைச் சுற்றித்தான் வாழ்க்கை. பிள்ளைக்கு அமெரிக்காக்காரனோடு பேச்சு முடிய ராத்திரி பதினோரு மணி ஆகும். அதற்குமேல் சாப்பாடு. அவன் தனியாகச் சாப்பிடக் கூடாதென்று நாங்களும் கூட உட்காருவோம். "நீ சாப்பிடு, நாங்க பேசிண்டிருக்கோம்" என்று ஆரம்பிப்பது, ஒரு தட்டில் போய் முடியும்.

அடுத்த வருஷமே தொந்தரவு ஆரம்பித்தது. சாப்பிட்ட அரை மணியில் வயிறு தம்பட்டம் மாதிரி உப்பும். காலையில் மூன்று தடவை, நான்கு தடவை போக வேண்டியிருக்கும். வெளியே போனால் முதலில் பாத்ரூம் எங்கே என்றுதான் கண் தேடும். இப்படிப்பட்டவர்கள் இந்த ஹாலிலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். நான் கை தூக்கச் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

டாக்டரிடம் போகலாம் என்றாள் என் மனைவி. நான் போகவில்லை. "நம்ம பெரியவாள் எல்லாம் டாக்டர்கிட்டயா போனா? பாட்டி சமைச்ச மாதிரி சமை, எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு பெரிய சங்கல்பம் செய்தேன். ஹோட்டல் கிடையாது, பிரெட் கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் டிகிரி காப்பி, பத்து மணிக்குப் பச்சரிசிச் சாதம், பருப்பு, நெய், சாம்பார், மத்தியானம் மறுபடி காப்பி, ராத்திரி படுக்கும்போது மஞ்சள் பொடி போட்டு ஒரு பெரிய டம்ளர் பால். இதுதான் பரம்பரை உணவு என்று எனக்கு நானே முத்திரை குத்திக்கொண்டேன். வயிறு இன்னும் மோசமாயிற்று. மோசமாக மோசமாக ஒவ்வொரு பதார்த்தமாகத் தள்ளினேன். கத்தரிக்காய் வாயு, தள்ளு. கீரை ஒத்துக்கொள்ளவில்லை, தள்ளு. 2016ல் பார்த்தால் அறுபத்தாறு கிலோ இருந்தவன் ஐம்பத்தெட்டு. வேஷ்டி இடுப்பில் நிற்கவில்லை.

இத்தனைக்கும் வைத்தியத்துக்குப் பஞ்சமான ஊரில் நாம் இல்லை. டாக்டர் நாகேஷ்வர் ரெட்டி சோமாஜிகூடாவில் தொடங்கிய ஏஷியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி உலகப் பெயர் பெற்றது. அதன் பெரிய ஆஸ்பத்திரி இப்போது கச்சிபௌலியில், நமக்குக் கூப்பிடு தூரம். அவருக்கு 2025ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். வயிற்றுக்காக வெளியூர்களிலிருந்து ஜனங்கள் ஹைதராபாத் வருகிறார்கள். நான் உள்ளூரில் இருந்துகொண்டு ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கேட்டது என் மாட்டுப்பெண்தான். "அப்பா, நீங்க நம்பிக்கையில போகாம இல்ல. பயத்துல போகாம இருக்கேள்." அது உண்மை. ஏன் பயம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் காட்டியது வேறொரு டாக்டரிடம். வயசில் சின்னவர், தெலுங்குக்காரர். ஸ்கோப் இரண்டு பக்கமும் பார்த்தார். ரத்தம் பார்த்தார். அப்புறம் ஒரு விசித்திரமான பரிசோதனை. பாலில் இருக்கும் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தரம் ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். ஜீரணமாகாத சர்க்கரையைப் பெருங்குடல் கிருமிகள் புளிக்க வைத்தால் ஹைட்ரஜன் வாயு வரும், அது மூச்சில் தெரியும். என் மூச்சில் நன்றாகவே தெரிந்தது. "மீக்கு பாலு அரகட்லேதண்டி" என்றார். உங்களுக்குப் பால் ஜீரணமாகவில்லை என்று அர்த்தம். அதோடு ஐ.பி.எஸ். என்றும் எழுதினார். எங்கள் குடும்பத்தில் ஐ.பி.எஸ். என்றால் போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட்தான், அதற்கு யாரும் பாஸ் செய்ததில்லை. நான் வயிற்றின் மூலம் பாஸ் செய்தேன். குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே, அது மிகையாகக் கூச்சப்பட்டு, வலியும் உப்பசமும் பேதியும் உண்டாக்குகிற கோளாறு அது.

எனக்கு ரோஷம் வந்தது. "ஸார், நாங்க பரம்பரையா பால் தயிர் சாப்பிட்டு வளர்ந்தவா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, தென்னிந்தியாவில் பெரியவர்களானபின் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1981லேயே ஒரு ஆராய்ச்சி வந்திருக்கிறது. திருவனந்தபுரத்திலும் பாண்டிச்சேரியிலும் சோதித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குப் பால் சர்க்கரை ஜீரணமாகவில்லை. டெல்லியில் அது நூற்றுக்கு இருபத்தேழுதான். அப்படியென்றால் பாட்டி எப்படிச் சமாளித்தாள்?

உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு மாடு. ஆனால் பாலைப் பாலாகக் குடித்தது யார்? கைக்குழந்தை, ஜுரத்தில் கிடந்தவர்கள், ஸ்வாமிக்கு நைவேத்யம். மற்றதெல்லாம் உறைக்குத்தான் போகும். தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்து, மீதி மோர். வீடு நிறைய மோர். தயிராகும்போதே கிருமிகள் பால் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைச் செரிக்கவும் உதவுகின்றன. அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு மோர் ஒத்துக்கொள்கிறது. பாட்டிக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. மோர்சாதம் இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

காப்பி? ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய ஒரு புஸ்தகத்தின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் காப்பி நம் வீடுகளில் வந்து உட்கார்ந்தது. அதற்கு முன் காலையில் பழையதும் மோரும்தான். நானோ காப்பியையும் ராத்திரிப் பாலையும் பரம்பரை என்று கட்டிக்கொண்டு, மோரை ஒரு கரண்டியாகக் குறைத்திருந்தேன். சளி பிடிக்குமாம்.

இதற்கு நடுவில் இன்னொன்று கவனத்துக்கு வந்தது. அந்த இரண்டு வருஷத்திலும் என் வயிறு சத்தம் போடாமல் இருந்த நாள் எது என்று மனைவியிடம் கேட்டேன். அவள் யோசிக்காமல், "உங்கப்பா திவசத்தன்னிக்கு" என்றாள். யோசித்தால் அப்படித்தான் இருந்தது.

திவசச் சமையலை நினைத்துப் பாருங்கள். மிளகாய் கிடையாது, மிளகு. தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. எங்கள் பாட்டி இங்கிலீஷ் காய்கறி என்று ஒதுக்கிய கோஸ், காரட், பீட்ரூட் கிடையாது. வெங்காயம் பூண்டு பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் பெருங்காயம்கூட அன்றைக்கு உள்ளே வராது. துவரம்பருப்புக்குப் பதில் பயத்தம்பருப்பு. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், பிரண்டைத் துவையல், இஞ்சி, எள், உளுந்து. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கொலம்பஸ் 1492ல் அங்கே போன பிறகு, போர்த்துகீசியர்கள் கப்பல் நம் கரைக்கு வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். மிளகாய் என்ற பேரே மிளகு மாதிரிக் காரமான காய் என்று வைத்ததுதான். தக்காளி என்றால் நம் முன்னோர்களுக்கு மணத்தக்காளி ஜாதி. ஆகவே உண்மையான பரம்பரை உணவு எது என்று யாராவது கேட்டால், அது தினப்படி சாம்பாரில் இல்லை, வருஷத்துக்கு ஒரு நாள் திவச அடுப்பில் இருக்கிறது. (சில வீடுகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இலையில் விழுகிறது. அதுவும் அமெரிக்காதான். சாஸ்திரிகள் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை போலிருக்கிறது.)

விஸ்வாமித்திரருக்கு அருந்ததி பரிமாறிய கதை எல்லாருக்கும் தெரியும். ஆயிரத்தெட்டுக் காய் கேட்டார் முனிவர். பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முன்னூறு, பலா அறுநூறு, அதற்குமேல் எட்டுக் காய் வைத்தேன், கணக்கு சரியாகிவிட்டது என்றாளாம். வங்கிக்காரனான எனக்கு மிகவும் பிடித்த கதை. பிரண்டை பசியைத் தூண்டும் என்று நம் வைத்தியத்திலும் சொல்வார்கள்.

ஆனால் சமையல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அன்றைக்கு வடை உண்டு, அதிரசம் உண்டு, பாயசம் உண்டு. வயிறு கெடுவதற்கு எல்லாம் இருந்தது. வித்தியாசம் வேறு. முதல் நாள் ராத்திரி சாதம் கிடையாது. அன்று காலையில் காப்பி கிடையாது. சாப்பிட ஒரு மணி, இரண்டு மணி ஆகும். அதற்குமேல் ராத்திரி ஒன்றும் கிடையாது. குடலுக்கு இத்தனை மணி நேரம் ஓய்வு வேறு எந்த நாளில் கொடுத்தேன்? அரை வயிறு அன்னம், கால் வயிறு ஜலம், கால் வயிறு காலி என்று அஷ்டாங்க ஹ்ருதயம் சொல்கிறது. நாம் அந்தக் காலி இடத்தில்தான் பதினோரு மணித் தட்டை வைத்தோம். ஏகாதசியும் இதே கதைதான். சனிக்கிழமை பலகாரம் என்பது பழம் சாப்பிடுவது என்ற பொருளில் வந்த சொல். எங்கள் வீட்டில் அது ஆறு அடை, வெல்லம், வெண்ணெய் என்று ஆகிவிட்டது. விரதத்தன்று கூடுதலாகச் சாப்பிடுகிற சாமர்த்தியம் நமக்கு உண்டு.

இதைக் கேட்டுவிட்டு, பாட்டன் சாப்பாடு எல்லாமே அமிர்தம் என்று யாரும் கை தட்ட வேண்டாம். நம் ஊர் தார்னாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918ல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சிக்காகச் சின்ன அளவில் தொடங்கியது. 1958ல் ஹைதராபாத் வந்தது. அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாட்டைத் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய் சாப்பிட்ட சீக்கியர் உணவு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் ஏழைகளின் சாப்பாட்டில் வளர்ந்தவை கடைசி வரிசை. வயிற்றுப் புண்ணும் தெற்கத்திச் சாப்பாட்டு எலிகளிடம் கண்டார். அது ஏழைகள் சாப்பாடு, நம்முடையது இல்லை என்று வாதாடலாம். நானும் வாதாடிப் பார்த்தேன். ஆனால் பச்சரிசியைத் தீட்டி, நாலு தரம் களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, வெறும் மாவுச்சத்தை நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டவர்கள் நாமும்தான். புழுங்கல் மடி இல்லை என்று தள்ளினோம். இங்கே ஆந்திரக் கடற்கரையில், மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி வந்தது. புழுங்கல் சாப்பிட்ட இடங்களில் அனேகமாக இல்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம்.

சரி, பத்தியத்துக்கு வருகிறேன். டாக்டர் என்னை ஒரு டயடீஷியனிடம் அனுப்பினார். அந்தப் பெண் ஒரு பட்டியல் கொடுத்தாள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய முறை, ஃபாட்மேப் என்று பெயர். குடலில் சுலபமாகப் புளித்து வாயுவாகும் மாவுச் சர்க்கரைகளைக் கொஞ்ச காலம் தள்ளி வைப்பது. முதல் வரிசையில் வெங்காயம், பூண்டு. பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, நம் சாஸ்திரத்தை மெல்போர்னில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று. அடுத்த வரியில் பால், கோதுமை, மாம்பழம், பலாப்பழம், பருப்பு வகைகள். சந்தோஷம் அதோடு முடிந்தது. அறுநூறு காய்க்குச் சமமான பலாவின் பழமும் பட்டியலில்.

அவள் சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. "அங்கிள், இது நாலு முதல் ஆறு வாரம்தான். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்துப் பார்க்கணும். எது ஒத்துக்கறதோ அது திரும்ப வந்துடணும்." எனக்குச் சட்டென்று எங்கள் அத்தை ஞாபகம் வந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் போடுவாள். கண்டந்திப்பிலி ரசம், பருப்புத் துவையல், மணத்தக்காளி வத்தல், சுட்ட அப்பளம். அந்தப் பத்தியத்துக்கு ஒரு கெடு உண்டு. கெடு முடிந்தால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இன்றைக்கு ஒரு காய், நாளைக்கு ஒரு காய் என்று விடுவாள். முடிவு இல்லாத பத்தியம் என்று நம் வீட்டுப் பெண்கள் போட்டதே இல்லை. அதை நான்தான் கண்டுபிடித்தேன். தள்ளத் தெரிந்ததே தவிர, திரும்பக் கூப்பிடத் தெரியவில்லை. எட்டுக் கிலோ அப்படித்தான் போயிற்று.

இப்போது பயத்தைப் பற்றி.

என் அண்ணாவுக்கு 2007ல் மலத்தில் ரத்தம் போயிற்று. ஊரிலிருந்து போன் செய்தார். "மூலம்தான் அண்ணா, அப்பாவுக்கும் இருந்ததே. கருணைக்கிழங்கு சேர்த்துக்கோ, லேகியம் நான் வாங்கி அனுப்பறேன்" என்று சொன்னது நான். வாங்கி அனுப்பியதும் நான், மூன்று பாட்டில். துத்தி இலை, கருணைக்கிழங்கு மசியல், காரம் தள்ளி பத்தியம் என்று பத்து மாசம் சிரத்தையாக இருந்தார். மன்னி அந்தப் பத்து மாசமும் அவருக்குத் தனி உலை வைத்தாள். ரத்தம் ஒரு மாசம் நிற்கும், அப்போதெல்லாம் எனக்குப் போன் செய்து, "உன் லேகியம் கேக்கறதுடா" என்பார். இளைத்துப்போனதை பத்தியச் சாப்பாடு என்று நினைத்தோம். சென்னையில் கடைசியாக ஸ்கோப் செய்தபோது பெருங்குடலில் புற்று, ஈரலுக்கும் போய்விட்டது. ஐந்து மாசம். அறுபத்து நாலு வயசு.

லேகியத்தின் பேரில் தப்பில்லை. கருணைக்கிழங்கு என்ன செய்யும்? என்ன வியாதி என்று பார்க்காமல் பத்தியம் சொன்னவன் நான். மன்னி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மூன்றாவது பாட்டில் பிரிக்காமல் அவர் அலமாரியில் இருந்தது. காரியத்துக்குப் போனபோது பார்த்தேன்.

ஆகவே எனக்கு 2014ல் வயிறு கெட்டபோது முதலில் வந்த நினைப்பு அதுதான். போனால் அதைத்தான் சொல்வார்கள். போகாவிட்டால் பாட்டி சமையல் என்று சொல்லிக்கொண்டு நாளைத் தள்ளலாம். என் பரம்பரை உணவின் பூர்வோத்தரம் இவ்வளவுதான். மாட்டுப்பெண் அதைப் பிடித்துவிட்டாள்.

ரத்தம் போனாலும், கறுப்பாகப் போனாலும், காரணமில்லாமல் இளைத்தாலும், விழுங்கக் கஷ்டமானாலும், ஐம்பதுக்கு மேல் புதிதாகப் போக்கு மாறினாலும் முதலில் டாக்டர். ரசமும் மோரும் எங்கேயும் ஓடிப்போகாது, வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அடுப்பில் வைத்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனையில் பி12 என்ற வைட்டமினையும் பார்க்கச் சொல்லுங்கள். நம்மைப் போன்ற சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் அசிடிட்டிக்கு மாத்திரையும் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறையும். எனக்கும் குறைந்துதான் இருந்தது. கால் மரத்துப்போனதை நான் வயசு என்று நினைத்திருந்தேன்.

கோதுமையே ஒத்துக்கொள்ளாத சீலியாக் வியாதி யாருக்காவது வீட்டில் இருந்தால் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். எங்கள் மாடி வீட்டுக் குழந்தை ஒன்று ரொட்டியே தொடாமல் ஆறு மாசம் அவஸ்தைப்பட்டது. ரசத்தில் போட்ட பெருங்காயம் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது என் சாப்பாடு என்ன என்று பாதிப் பேர் கேட்கக் காத்திருக்கிறீர்கள். காலையில் இட்லி, புழுங்கலரிசி போட்டது. காப்பி உண்டு, இட்லிக்கு அப்புறம், சின்ன டம்ளர், பால் பாதி. கொஞ்சம் பால் பெரும்பாலோருக்குத் தாங்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மத்தியானம் பயத்தம்பருப்பு போட்ட கூட்டு, மிளகு ரசம், நிறைய மோர். துவரம்பருப்பு சாம்பார் வாரத்துக்கு இரண்டு நாள், அதற்குமேல் வயிறு நோட்டீஸ் அனுப்பும். ராத்திரி ஏழரைக்குள் முடித்துவிடுகிறேன். பதினோரு மணிக்குப் பிள்ளையோடு உட்காருகிறேன், தட்டு இல்லாமல். கத்தரிக்காய் திரும்பி வந்துவிட்டது. கீரையும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு மாமி கொடுக்கும் ஆவக்காய், பூண்டு போடாதது, ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு. எடை அறுபத்து மூன்று. பலாப்பழம் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

இது என் வயிற்றின் கணக்கு. உங்களுடையது வேறு லெட்ஜர், இதைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மருந்துப் பேர் மட்டும் கேட்காதீர்கள், அது நான் ஒரு தரம் சொல்லிவிட்டேன்.